வட்டிக் கணக்குக்குள் அடங்காத ஒரு ஹெரால்டு

கொங்கு நாட்டில் எந்தச் செலவைப் பற்றிப் பேசினாலும் எதிரில் இருப்பவர் மனசில் ஒரு வட்டிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். நூற்றுக்கு ஒன்றரையா, இரண்டா என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். போன ஆவணியில் கோபிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சரிசெய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மண்டப வாசலில் நிறுத்தியதும் பெரிய மாமா வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார். பக்கக் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டார். "ஏன் மாப்ளே, எல்லாம் சேர்த்து எவ்வளவு புடிச்சுது?" என்றார். ஆறு லட்சத்தைத் தொட்டுடுச்சுங்க மாமா என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "ஒன்றரை வட்டிக்கு விட்டிருந்தா மாசம் ஒம்பதாயிரம். உக்காந்த எடத்துல வரும்," என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

அவர் கணக்கில் தப்பு இல்லை. அதுதான் தொந்தரவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்கென்று சில பதில்களைத் தயாராக வைத்திருப்போம். அன்றைக்கு அதில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் மாமா முன்னால் நின்றிருக்காது. வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முதல் பதில், "இதெல்லாம் வருஷமாக வருஷமாக விலை ஏறும்" என்பது. யுத்தத்துக்கு முந்தைய பெரிய வண்டிகள், ஜமீன்தார்களும் மில் முதலாளிகளும் வைத்திருந்த வண்டிகள், அவை ஏறும். ஹெரால்டு ஏறாது. அது நடுத்தரக் குடும்பத்து வண்டி. பிறந்த நாடான இங்கிலாந்திலேயே சாதாரண ஆள் வாங்கக்கூடிய பழைய கார்கள் வரிசையில்தான் இருக்கிறது. ஒரு ஹெரால்டைப் பிரித்துக் கோர்த்து வேலை முடித்து விற்றால் போட்டதில் பாதி திரும்பினால் பெரிய விஷயம். இதை முதலீடு என்று சொல்லி யாராவது உங்களிடம் வண்டி விற்க வந்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் மாமா பக்கம்தான். இங்கிலாந்தில் 40 வயது தாண்டிய காருக்குச் சாலை வரி கிடையாது. பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையும் 2018 முதல் கட்டாயமில்லை. நம் நாட்டில் வண்டிக்கு வயதாக ஆகக் கட்டணம் கூடும். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். புகை கக்கும் பழைய வண்டிகளைத் தெருவிலிருந்து எடுக்க வேண்டும் என்பது நியாயம். அந்த வலையில் மாதத்தில் சில லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்காத வண்டியும் மாட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது பதில், "அப்பா ஞாபகம்." இது எல்லோரையும் வாயடைக்க வைக்கும். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். அப்பா இந்த வண்டியை எழுபதுகளில் ஈரோட்டு டாக்டர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். மஞ்சள் மண்டிக்கு, வங்கிக்கு, சொந்தக்காரர் வீட்டு நோம்பிக்கு என்று ஓட்டினார். மாருதி வந்ததும் ஒரே வாரத்தில் இதை மறந்துவிட்டார். தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போட்டு ஒதுக்கியவர் அவர்தான். பின் சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. "வித்துப்போடலாம், எடைக்காவது போகும்" என்று அவரே பலதடவை சொன்னார். அவர் ஞாபகத்துக்காகத்தான் செய்தேன் என்றால் அவரே சிரிப்பார்.

சட்டை மாட்டிய வண்டி

ஹெரால்டு ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் ஏன் இதைச் சரிசெய்ய முடிந்தது என்பது விளங்கும். ஐம்பதுகளில் பல கம்பெனிகளும் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் இல்லாமல், பாடியையே பலமாக்கி ஒற்றைக் கூடாகச் செய்யும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்கும் அந்த ஆசைதான். ஆனால் அவர்களுக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக்கூடு அடித்துத் தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல் பழையபடி தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடிக்கவைத்து, போல்ட் போட்டு மாட்டினார்கள். இத்தாலியின் டூரினில் இருந்த ஜியோவான்னி மிக்கெலோட்டி வடிவம் வரைந்தார். 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் செய்ததே தூர தேசங்களுக்கு வசதியாகப் போயிற்று. பெட்டி பெட்டியாக அனுப்பி எங்கே வேண்டுமானாலும் பூட்டலாம். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961-ல் இதைச் செய்ய ஆரம்பித்தது. அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுக்குள் இந்தியா சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. அம்பாசிடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்ததுதான். ஆனால் அதற்கு ஒரு கம்பீரம், ஒரு தாசில்தார்த்தனம் உண்டு. ஹெரால்டு சின்ன வக்கீல், டாக்டர், காலேஜ் வாத்தியார் வண்டி.

முன்பக்க மட்கார்டு, பானெட், விளக்கு எல்லாம் சேர்த்து ஒரே துண்டாக முன்னால் சாயும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். வேறு எந்தக் காரிலும் இந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்ஜின் 948 சி.சி., 35 குதிரைத்திறன்கூட முழுசாக இல்லை. கோயமுத்தூரிலிருந்து சத்தி, திம்பம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலைக்கும் இப்போது எண் 948. நெடுஞ்சாலைத் துறையில் ஹெரால்டு பிரியர் யாராவது இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பாகம் கிடைக்குமா?

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி, இதற்கெல்லாம் ஸ்பேர் எங்கே கிடைக்கிறது என்பது. இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தியாவை விட்டே போய்விட்ட ஒரு கம்பெனியின் கார் என் மச்சினனிடம் இருக்கிறது. அந்தக் காருக்கு இன்னும் இருபது வயது ஆகவில்லை. அதற்கு ஒரு கதவுக் கைப்பிடி தேடி அலைகிறான். என் அறுபது வயது வண்டிக்கு வேண்டியது பெரும்பாலும் இங்கிலாந்தில் புதிதாகவே கிடைக்கிறது. காரணம், ஹெரால்டின் சேஸிஸையும் முன் சஸ்பென்ஷனையும் எடுத்துத்தான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு விளையாட்டுக் காரைச் செய்தார்கள். அது 1980 வரை ஓடியது. லட்சக்கணக்கில் விற்றது. அந்த வண்டிப் பைத்தியங்கள் அங்கே நிறையப் பேர் இருப்பதால் சின்னச் சின்னக் கம்பெனிகள் இன்றைக்கும் புஷ், சீல், பிரேக் பாகம் எல்லாம் செய்து விற்கின்றன. நாம் அவர்கள் புண்ணியத்தில் பிழைக்கிறோம். பாகத்தின் விலை பெரிதாக இருக்காது. கூரியரும் சுங்கமும் சேர்ந்து அதை இரண்டு மடங்காக்கிவிடும்.

வரவழைக்க முடியாததற்குக் கோயமுத்தூர் இருக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு நூல் மில்கள் பெருகின. மில் மெஷின்களைப் பழுதுபார்க்க லேத்துகளும் வார்ப்படச் சாலைகளும் வந்தன. அவற்றின் கையிலிருந்து மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் பிறந்தன. அந்தப் பழைய மில் மெஷின்களில் பல இங்கிலாந்தின் லங்காஷயரிலிருந்து வந்தவை, எல்லாம் இஞ்ச் கணக்கு. அதனால் கணபதி, பீளமேடு பக்கத்துப் பழைய லேத் பட்டறைகளில் இஞ்ச் மரை போடும் டேப்பும் டையும் இன்னும் தகர டப்பாவுக்குள் கிடக்கின்றன. புதுப் பையன்கள் அரை இஞ்ச் நட்டில் 13 எம்.எம். ஸ்பானரை மாட்டித் திருகுவார்கள். சரியாகத்தான் உட்காருகிற மாதிரி இருக்கும். ஆனால் அரை இஞ்ச் என்பது 12.7. இறுகிப்போன நட்டு என்றால் முனை மழுங்கிவிடும். அப்புறம் உளி வைத்து வெட்ட வேண்டியதுதான். கணபதியில் ஒரு பெரியவர் நட்டைக் கையில் வாங்கி விரலால் உருட்டிப் பார்த்தே "இது ஃபைன் மரைங்க, இஞ்சுக்கு இருவத்தெட்டு" என்பார். கேஜ் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். தேய்ந்துபோன பிரேக் சிலிண்டருக்கு உள்ளே பித்தளை ஸ்லீவ் இறக்கிக் கொடுத்தவர் அவர். கண்ணாடிக்கு ரப்பர் பீடிங் இழுத்துக் கொடுத்தது கிரைண்டருக்கு ரப்பர் பாகம் செய்யும் ஒரு கூடம். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-த்தோடு நின்றுபோனது. ஈயம்தான் அந்தக் கால இன்ஜின்களின் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதனால் சிலிண்டர் ஹெட்டில் கெட்டியான சீட் ரிங் புதைக்க வேண்டியிருந்தது. அதுவும் உள்ளூரிலேயே நடந்தது.

பட்டியும் தகடும்

செலவில் பெரும்பகுதி இன்ஜினுக்குப் போகவில்லை. பாடிக்குத்தான் போனது, அதுவும் இரண்டு தடவை. முதலில் நகரத்தில் பேர்பெற்ற ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஏசி ஹால், கண்ணாடி அலுவலகம், சுவரில் பளபளவென்று பழைய கார்களின் படங்கள். நாலு மாதத்தில் வண்டியைக் கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். அடுத்த ஐப்பசி மழை முடிந்ததும் பின் சக்கரத்துக்கு மேலே பெயிண்ட் கொப்புளித்தது. தம்பி பையனின் பள்ளிக்கூடத்துக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுக்காமல் மேலேயே விரற்கடைத் தடிமனுக்குப் பட்டி அப்பியிருந்தார்கள். கேட்டதற்கு, "சார், இது ஷோவுக்கு நிக்கற வண்டிதானே?" என்றார்கள். மழையில் ஏன் ஓட்டினேன் என்பது அவர்கள் மனத்தாங்கல்.

அப்புறம் கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டிங்கர் ஒருவரைப் பிடித்தோம். அவர் எங்கள் களத்திலேயே வந்து தங்கி வேலை செய்தார். முதல் நாள் முழுக்க வெட்டி எடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. சாயந்திரம் பார்த்தால் வண்டியில் பாதி இல்லை, பாக்குத் தோப்புப் பக்கம் துருக் குவியல் மட்டும் இருக்கிறது. என் மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். மறுநாள் மணல் மூட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். தட்டுவார், வண்டியில் வைத்துப் பார்ப்பார், உள்ளங்கையால் தடவுவார், திரும்பவும் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவார். "பஸ்ஸுல வளைவே கெடையாதுங்க, எல்லாம் பலகையாட்ட. இதுல நேரா ஒரு எடம் இல்லை. இதை வரைஞ்ச மனுசன் தகடு அடிச்சுப் பார்த்தவன் இல்லீங்க," என்றார். மிக்கெலோட்டிக்கு டூரினில் இருந்தபடி இந்த விமர்சனம் கேட்டிருக்க வழியில்லை. டிங்கர் வேலை செய்த இடம் இன்றைக்கும் எங்கே சேர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் பட்டறை வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குதான் அவர் கூலி.

எண்ணெயா, கிரீஸா

இத்தனையும் முடிந்து வண்டி ஓடத் தொடங்கியபிறகு, சத்திக்குப் பக்கத்தில் ஒரு வயதான மெக்கானிக்கைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சின்ன வயதில் கோயமுத்தூரில் ஸ்டாண்டர்டு வண்டிகள் மட்டுமே பார்க்கும் ஒரு பட்டறையில் தொழில் பழகியவர். இப்போது மகன் டூவீலர் கடை வைத்திருக்கிறார், இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கார்பரேட்டர் டியூனிங் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கண்ணா என்று கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் முதலில் பெயிண்டைத்தான் பாராட்டுவார்கள். அவர் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. "ஏனுங் தம்பி, ட்ரன்னியனுக்கு என்ன போடறீங்க? ஆயிலா, கிரீஸா?" என்றார்.

சர்வீஸ் செய்தவர்கள் கிரீஸ் அடித்திருப்பார்கள் என்றேன். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். ஜாக்கி போடச் சொன்னார். முன் சக்கரத்தைக் கழற்றினார்.

ட்ரன்னியன் என்பது முன் சக்கரம் நிற்கும் செங்குத்துத் தண்டின் அடியில் இருக்கும் பித்தளை நிறத்து வெண்கலக் கட்டி. இப்போதைய பெரும்பாலான கார்களில் அந்த இடத்தில் பந்துமூட்டு இருக்கும். ஹெரால்டில் தண்டின் கால் முனையில் மரை வெட்டி, அதை இந்த வெண்கலக் கட்டிக்குள் போல்ட் மாதிரித் திருகி வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுற்றுகிறது. இடது சக்கரத்துக்கு ஒரு திசை மரை, வலதுக்கு எதிர்த்திசை மரை. வண்டியின் முன்பாரம் முழுக்க அந்த மரையில்தான் நிற்கிறது. அதற்குக் கிரீஸ் போடக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் போட வேண்டும் என்று கம்பெனி கைப்புத்தகத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அங்கே இருக்கும் துளையும் நிப்பிளும் கிரீஸ் கன்னுக்கு ஏற்ற அளவில்தான் இருக்கும். பார்க்கிற எந்த சர்வீஸ்காரருக்கும் கிரீஸ் அடிக்கத்தான் கை போகும். கிரீஸ் மரையின் அடிவரைக்கும் இறங்காது. மேலே இறுகி நின்று, கீழே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். மரைக்குப் பக்கத்தில் தண்டு அரித்துக்கொண்டே வந்து ஒருநாள் முறியும்.

அவர் கட்டியைத் திருகிக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளே கிரீஸ் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. கத்தி முனையால்தான் சுரண்டி எடுக்க முடிந்தது. அடியில் செம்பழுப்பு நீர். தண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடைத்தார். மரையின் கடைசி மூன்று சுற்றுகள் கூர் இழந்திருந்தன. அதற்கு மேலே, தண்டின் இடுப்பில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. வெயிலில் திருப்பினால் தெரிந்தது, நிழலில் தெரியவில்லை. நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டியது.

"திம்பத்துல ஒரு தடவை பாத்திருக்கறனுங்க," என்றார். "பாதிரியார் ஒருத்தரு வண்டி. கொண்டை ஊசி வளைவுல முழுசா ஸ்டியரிங்கை ஒடிச்சாரு. வண்டி நடந்து போற வேகந்தான். முன் சக்கரம் முட்டி மடக்கற மாடாட்டம் உள்ளே மடங்கி உக்காந்துக்குச்சு. நல்லவேளை, மலை ஏறிட்டு இருந்தாரு. இறங்கியிருந்தா?" திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முறிவது எப்போதும் மெதுவாகப் போகும்போது, ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பியிருக்கும்போதுதான் என்றார். எனக்கு உடனே வேறொன்று ஓடியது. ஹெரால்டின் பெருமையே அது 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் என்பதுதான். லண்டன் டாக்ஸி மாதிரித் திரும்பும் என்று நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன், மண்டப வாசல்களில் திருப்பிக் காட்டியும் இருக்கிறேன். சக்கரம் அவ்வளவு வளையும்போது சுற்றுவது இந்த மரையில்தான். முறிவதும் இதே இடத்தில். பெருமையும் ஆபத்தும் ஒரே தண்டில் இருக்கிறது.

அந்தத் தண்டும் கட்டியும் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தபோது, எல்லாச் செலவும் போக, முதல் பட்டறைக்காரர் வாங்கிய பாலீஷ் செலவுக்கும் குறைவு. பெரியவர் பூட்டிக் கொடுத்தார். கிரீஸ் கன்னைக் கழுவி உள்ளே 90 ஆயில் நிரப்பி, மரையின் இடுக்கில் எண்ணெய் கசிந்து வரும்வரை அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தோட்டத்து நேந்திரத்தில் ஒரு சீப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன், அதற்குத்தான் சந்தோஷப்பட்டார்.

அதற்கப்புறம் என் கணக்கு நோட்டை எடுத்து மறுபடி படித்தேன். ஆறு லட்சத்தில் வெளியே தெரியும் செலவு எவ்வளவு, தெரியாத செலவு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், முக்கால்வாசி தெரிகிற இடத்துக்குப் போயிருக்கிறது. கல்யாண மண்டபத்தில் யார் கண்ணிலும் படாத இடங்களுக்கு, ஸ்லீவுக்கு, சீட் ரிங்குக்கு, ட்ரன்னியனுக்கு, டிங்கர் உள்பக்கம் அடித்த தகட்டுக்கு, போனது மிச்சம். ஆனால் என்னை அந்த வண்டியில் தைரியமாக உட்கார வைத்தது அந்த மிச்சம்தான். மாமாவின் வட்டிக் கணக்குக்கு நான் பதில் சொல்ல முடியாமல் நின்றதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நான் ஆறு லட்சத்துக்கும் சேர்த்துப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அதில் நாலரை லட்சம் மாமா சொன்ன மாதிரி வீண்செலவுதான். அதை ஒத்துக்கொண்டால் மீதி ஒன்றரை லட்சத்துக்கு வாதாடவே வேண்டியதில்லை.

இன்பம் என்று பார்த்தால் ஓட்டுவதில் அவ்வளவு இல்லை. சொன்னால் பழைய கார் சங்கத்து ஆட்கள் கோபிப்பார்கள். வெயில் காலத்தில் வண்டிக்குள் உட்கார முடியாது. நான்கு பக்கமும் டிரம் பிரேக், முன்கூட்டியே யோசித்து மிதிக்க வேண்டும். பின் அச்சு ஊசலாடும் ரகம். வளைவில் வேகமாக நுழைந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளுக்குச் சாய்ந்து வால் தூக்கும். பின்னால் வந்த கேஸல் என்ற மாடலில் ஸ்டாண்டர்டு கம்பெனியே அதைத் தூக்கிவிட்டு உறுதியான அச்சைப் போட்டது. சேலம்–கொச்சி சாலையில் நூறில் வரும் பஸ்களுக்கு நடுவில் இதை ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை. என் மனைவி காரமடைக்கு ஒரு தடவை வந்தாள், அதோடு சரி. இன்பம் இருப்பது வேறிடத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை பானெட்டைச் சாய்த்து, டயர்மேல் உட்கார்ந்து, பாயிண்டை அரத்தாளால் தேய்த்து இடைவெளி வைக்கும்போது இந்த வண்டியில் எது ஏன் நடக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. என் இன்னொரு காரில் ஒரு விளக்கு எரிந்தால் கம்பெனி கம்ப்யூட்டர்தான் சொல்ல வேண்டும்.

செலவு நின்றபாடும் இல்லை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் குழாய்கள் உப்பிப் பிசுபிசுத்ததும் எத்தனால் தாங்கும் குழாயாக எல்லாவற்றையும் மாற்றினேன். பம்பின் டயாஃப்ரம் மட்டும் இன்னும் பழையது, அதுவும் சீக்கிரம் போகும். ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் கார்பரேட்டர் கிண்ணத்தில் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. அதனால் வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும்.

வி.ஏ. எண் வேண்டுமா?

ஓட்ட வேண்டும் என்பதில்தான் அடுத்த சிக்கல். 2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, அசல் வடிவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். நல்ல விஷயம்தான், ஒரு வண்டியைக் காயலான் கடையிலிருந்து காப்பாற்றும். ஆனால் நிபந்தனை இருக்கிறது: கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். அன்றாட உபயோகம் கூடாது.

கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. போய்ப் பாருங்கள், அவ்வளவு சுத்தமாகப் பராமரிக்கிறார்கள். அங்கே நிற்க வேண்டிய வண்டிகள் அங்கே நிற்பது சரிதான். அவற்றில் சில அபூர்வமானவை. ஆனால் அதே ஜி.டி. நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் தானே ஓட்டித்தான் ஆரம்பித்தார். என் ஹெரால்டு அந்த பஸ் மாதிரி ஓட வேண்டிய ஜாதி. அதைப் பழங்காலம் என்று எழுதி வாங்கிவிட்டால் கல்யாணத்துக்குக் கொண்டுபோக முடியாது, சத்திச் சந்தைக்குப் போக முடியாது, போலீஸ் நிறுத்தினால் பெட்ரோல் போடப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். அந்த முதல் பட்டறைக்காரர் சொன்ன, ஷோவுக்கு நிற்கிற வண்டியாக ஆகிவிடும்.

அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பத்தாயிரம் கட்டினேன். ஐந்து வருஷம் செல்லும். இன்ஸ்பெக்டர் முன்னால் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "நல்லா திரும்புதே," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சத்திப் பெரியவருக்குப் போன் செய்தேன். பதிவு கிடைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு இலை தொய்ந்திருக்கிறது, சங்ககிரியில் லாரிக்கு ஸ்பிரிங் கட்டும் ஒருத்தரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வர்ற புதன்கிழமை கழற்றிக்கொண்டு வாங்க என்றார்.